எடுத்துப் போட்டுட்டா தேவலையா? தலைக்குள் இருக்கும் பரவாத கட்டியும் காத்திருக்கும் கணக்கும்

காரைக்குடியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைப் பள்ளத்தூர் வீட்டு முற்றத்தில் வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆறு பேர் நின்றோம். யாருக்கும் படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் அது தெரிந்தது: மண்டை ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி, கொஞ்சம் பெரிய சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளை உருண்டை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அயித்தை, "இங்கிட்டுக் கொண்டா, நானும் பாக்குறேன். என் தலைதானே அது" என்று படத்தை வாங்கினார்.

கதை இவ்வளவுதான். கழுவிவிட்ட முகப்புப் படியில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சி.டி. எடுத்தார்கள். அடியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எத்தனையோ வருடமாகச் சத்தமில்லாமல் குடியிருந்த ஒரு கட்டி அகப்பட்டுக்கொண்டது. வலது முன்பக்கத்தில், மூளையின் மேற்பரப்பில், 18 மி.மீ. அப்புறம் மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'மெனிஞ்சியோமா' என்று போட்டிருந்தது. அயித்தைக்கு அப்போது 57 வயது. தலைவலி இல்லை, வலிப்பு வந்ததில்லை, கை கால் மரத்ததில்லை.

இப்படித் தற்செயலாக அகப்படுவது அபூர்வமில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எந்தத் தலைநோயும் இல்லாத சுமார் 2,000 பேரைப் படம் எடுத்துப் பார்த்து 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் 0.9 சதவீதம் பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. சராசரி வயது 63. கிட்டத்தட்ட நூற்றுப்பத்துக்கு ஒருவர். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக்கு நிற்கிற வரிசையை நினைத்துப் பாருங்கள். அதில் நடுவயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் தெரியாமலே இதைச் சுமந்துகொண்டு நிற்பார்கள்! முன்பு யாரும் படம் எடுக்கவில்லை, தெரியவில்லை. இப்போது காரைக்குடியிலேயே ஸ்கேன் இருக்கிறது, தெரிகிறது.

முதல் சிக்கலே சொல்லில் ஆரம்பிக்கிறது. டாக்டர் 'பினைன்' என்றார். செய்தித்தாள் தமிழில் அது 'தீங்கற்ற கட்டி'. எனக்கு இந்த மொழிபெயர்ப்பில் ஒப்புதல் இல்லை. தீங்கே இல்லை என்றால் எதற்கு வருடா வருடம் பார்க்க வேண்டும்? 'பரவாத கட்டி' என்பதுதான் சரியாக இருக்கும். புற்றைப் போல வேறு உறுப்புக்குத் தாவாது, பக்கத்துத் திசுவை அரித்துக்கொண்டு உள்ளே போகாது, மெதுவாக வளரும் அல்லது வளராமலே கிடக்கும். அந்தச் சொல் அதற்குமேல் எந்த உத்தரவாதமும் தரவில்லை. மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டகம். அதற்குள் எது வளர்ந்தாலும் இன்னொன்றைத் தள்ளித்தான் வளர வேண்டும். அதனால் கட்டி நல்ல சாதியா கெட்ட சாதியா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு, அதைவிட முக்கியமான கேள்வி பாக்கி நிற்கிறது: அது எங்கே இருக்கிறது?

மெனிஞ்சியோமா மூளையில் முளைப்பதே இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைக்கிறது. 1922-ல் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று படியாகப் பிரிக்கிறது. ஏறத்தாழ எண்பது சதவீதம் கிரேடு 1, அதாவது சாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு அதிகம் வருகிறது. பரவாத கட்டிகளில் இது ஒரு வகை. காதுக்குப் போகும் நரம்பின் உறையில் வருவது இன்னொன்று, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வருவது மற்றொன்று. மூன்றுக்கும் கணக்கு வேறு வேறு.

அயித்தை வீட்டுக்காரர் பழைய காலத்துக் கணக்குப்பிள்ளைக் கை. எதையும் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டார். நீள நோட்டில் நடுவே கோடு இழுத்து, இடது பக்கம் 'எடுத்தால்', வலது பக்கம் 'விட்டால்' என்று தலைப்புப் போட்டார். எடுத்தால் பக்கத்தில் முதல் வரி: 'நிம்மதி.' விட்டால் பக்கத்தில் முதல் வரி: 'பயம்.' அதற்கப்புறம் இரண்டு நாளாகப் பேனா ஓடவில்லை. இதற்கிடையில் நாங்கள் முதலில் போன ஒரு மருத்துவமனையில், "நாளைக்கே அட்மிட் ஆயிருங்க, எடுத்துப் போட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன், அங்கே ஒரு டாக்டரிடம் கேட்டு, "தொடவே வேணாம்ங்கிறார்" என்றான். வீடு இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தலை என்றாலே பயம், கட்டி என்றால் அதைவிடப் பயம், இரண்டும் சேர்ந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். சும்மா இருப்பது பொறுப்பில்லாத்தனமாகத் தெரிகிறது.

மதுரையில் பார்த்த இரண்டாவது நரம்பியல் அறுவை நிபுணர் நோட்டை வாங்கிப் பார்த்தார், சிரிக்கவில்லை. "இது மேல்பரப்பில் இருக்கு. எடுக்கிறதுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது" என்றார். எல்லோரும் அதை அறுவைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அவர் அடுத்துச் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அதனாலதான் காத்திருக்கலாம்ங்கிறேன், ஆச்சி."

எடுத்தவுடன் குதர்க்கமாகத் தெரியும். யோசித்தால் தெளிவு. எட்டிப் பிடிக்க எளிதான இடத்தில் இருக்கும் கட்டி நாலைந்து மி.மீ. வளர்ந்த பிறகும் எட்டிப் பிடிக்க எளிதாகவே இருக்கும். அறுவை ஒத்திப்போனதால் பெரிதாக எதுவும் நஷ்டமில்லை. அதே 18 மி.மீ. கட்டி பார்வை நரம்பை ஒட்டி இருந்தால் கதை வேறு. அங்கே இரண்டு மி.மீ. வளர்ச்சிக்கே பார்வை விலையாகப் போகலாம், போன பார்வை முழுதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அங்கே காலம் தாழ்த்துவது ஆபத்து. ஆக, 'எளிதாக எடுக்கலாம்' என்பது இப்போதே எடுக்கச் சொல்லும் காரணம் அல்ல. நம் ஆட்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான், நான் உட்பட.

சரி, காத்திருப்பது என்றால் என்ன? 'ஒன்றும் செய்யாமல் விடுவது' அல்ல. அதற்கென்று முறை இருக்கிறது. முதல் எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் ஒன்று. பிறகு வருடத்துக்கு ஒன்று, சுமார் ஐந்து வருடம். அசையாமல் இருந்தால் அப்புறம் இடைவெளியை நீட்டலாம். முதல் இடைவெளியைக் குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காதவரை அது கிரேடு 1 என்பது படம் சொல்லும் அனுமானம்தான். வேகமாக வளரும் வேறு ஏதாவதாக இருந்தால் அந்த ஆறு மாதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது, அதனால் திரும்பத் திரும்ப எடுக்கப் பயப்பட வேண்டாம். சர்க்கரை, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் ஏற்றும் மருந்துக்கு முன்னால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஸ்கேனில் 19 மி.மீ. என்று வந்தது. வீடு மறுபடி அலறியது. இங்கே கொஞ்சம் கணக்குத் தெரிந்திருப்பது உதவும். ஒரு மி.மீ. என்பது அளந்த கையின் வித்தியாசமாகவே இருக்கலாம். தலையைச் சற்றுச் சாய்த்துப் படுத்தாலே படத்தின் வெட்டு மாறும். அதே சமயம் உருண்டைக்கு விட்டம் கொஞ்சம் கூடினாலும் கொள்ளளவு நிறையக் கூடும். 18 மி.மீ. உண்மையிலேயே 20 ஆகிவிட்டால் விட்டம் 11 சதவீதம்தான் உயர்ந்திருக்கும், ஆனால் கட்டியின் கொள்ளளவு 37 சதவீதம் பெருத்திருக்கும். எனவே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, 'ரெண்டு மில்லிதானே' என்று தள்ளவும் கூடாது. முடிந்தவரை அதே மையத்தில், அதே முறையில் எடுங்கள். புதிய படத்தைப் போன வருடத்துப் படத்தோடு மட்டும் ஒப்பிடாமல் முதல் படத்தோடும் ஒப்பிடச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு மி.மீ. என்று ஊர்ந்தால் அடுத்தடுத்த படங்களில் தெரியாது, ஐந்து வருட இடைவெளியில் தெரியும். இதற்குப் படங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி.யையும் கேட்டு வாங்க வேண்டும். அயித்தை வெள்ளிச் சாமான் வைக்கும் பீரோவில் கீழ்த்தட்டை இதற்கு ஒதுக்கிவிட்டார்.

படத்தில் வேறு சிலவும் பார்க்கிறார்கள். கட்டியைச் சுற்றி மூளையில் நீர்க்கோத்து வீக்கம் இருக்கிறதா? இருந்தால் வலிப்பு வர வாய்ப்பு கூடுதல். கட்டியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? படிந்த கட்டி பொதுவாக மெதுவாகவே வளரும். அயித்தைக்கு வீக்கம் இல்லை, சுண்ணாம்பு இருந்தது. "வீடும் சுண்ணாம்பு, தலையும் சுண்ணாம்பா" என்றார்.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. முன்மூளைக் கட்டி வளர்ந்தால் எப்போதும் தலைவலியாக வராது. ஆள் மாறிப்போவார். கணக்கில் சுறுசுறுப்பாக இருந்தவர் சோர்ந்து உட்காருவார், கோலம் பாதியில் நிற்கும், பேத்தி பேசினால் முகம் கொடுக்க மாட்டார். 'வயசாயிருச்சு' என்று விட்டுவிடுவார்கள். காலையில் எழுந்ததும் வாந்தியோடு தலைவலி, முதல்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கம் வலு குறைவது, பார்வை மாறுவது, இந்தக் குணமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதி வரும்வரை இருக்கக் கூடாது.

இனி, எடுப்பது. மேற்பரப்பு மெனிஞ்சியோமாவுக்கு அறுவை முழுத் தீர்வாக இருக்கக்கூடும். ஓட்டில் ஒரு சதுரத்தைத் திறந்து, கட்டியையும் அது ஒட்டியிருக்கும் சவ்வையும் எடுத்து, எலும்பைத் திரும்ப வைத்துச் சின்ன டைட்டானியம் தகடுகளால் பூட்டுகிறார்கள். தலை முழுக்க மழிப்பதும் இப்போது அவசியமில்லை. கீறும் இடத்தில் ஒரு கீற்றளவு போதும் என்று பல நிபுணர்கள் செய்கிறார்கள். (அயித்தைக்கு இதில் ஏமாற்றம். "பழனிக்கு ஒரு மொட்டை பாக்கி இருக்கு, இதோட கழிஞ்சிரும்னு பாத்தேன்.") எவ்வளவு சுத்தமாக எடுத்தார்கள் என்பதில்தான் பின்னால் திரும்பி வருவதா இல்லையா என்பது பெரும்பாலும் இருக்கிறது. 1957-ல் டொனால்ட் சிம்ப்சன் இதைப் படிகளாக வகுத்தார். கட்டியோடு அது ஒட்டிய சவ்வையும் எலும்பையும் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கு மீண்டும் வந்தது. சவ்வை வெட்டாமல் சுட்டு மட்டும் விட்டவர்களில் 19 சதவீதம். மண்டையின் அடித்தளத்தில், ரத்தக்குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் நடுவே பின்னிக் கிடக்கும் கட்டியில் முழுதும் எடுக்க முயல்வதே ஆபத்து. அங்கே தெரிந்தே மிச்சம் வைத்துவிட்டு வருவார்கள். நல்ல நிபுணர் மிச்சம் வைத்தார் என்றால் அது தோல்வி அல்ல.

திரும்பி வருவதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. லியனார்ட் வுட் என்ற அமெரிக்கத் தளபதிக்கு 1910-ல் குஷிங்கே மெனிஞ்சியோமாவை எடுத்தார். வுட் அதற்குப் பிறகு தரைப்படைத் தலைவராக இருந்தார், பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். கட்டி மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்தது. 1927-ல் மறு அறுவையைத் தொடர்ந்து இறந்தார். பதினேழு வருடம்! அந்தக் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை, வருடா வருடம் பார்க்க வழியில்லை. இன்று அறுவை முடிந்தவர்களும் ஸ்கேன் அட்டவணையிலிருந்து விடுபடுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். 'எடுத்துப் போட்டுட்டா தேவலை' என்று சொல்பவர்கள் நினைக்கும் முழு முடிவு பல சமயம் கிடைப்பதில்லை.

அப்புறம் கதிர்வீச்சு வைத்தியம். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951-ல் முன்வைத்த யோசனை இது: ஓட்டைத் திறக்காமல், பல திசையிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பது. ஒவ்வொரு கதிரும் தனியாக வரும் வழியில் மூளைக்குப் பெரிய சேதம் செய்யாது. சேரும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். காமா நைஃப், சைபர்நைஃப், லினாக் என்ற கருவிகள் எல்லாம் இந்த யோசனையின் பிள்ளைகள். கத்தி என்று பெயர் இருந்தாலும் வெட்டு இல்லை. பொதுவாக மூன்று செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு. இதைப் பற்றி ஒரு தப்பான எதிர்பார்ப்பு உண்டு. கதிர் வைத்த பிறகு அடுத்த படத்திலும் கட்டி அப்படியே இருக்கும். வளர்ச்சியை நிறுத்துவதுதான் இதன் வெற்றி. சில மாதங்களில் சற்று வீங்கிவிட்டுப் பிறகு அடங்குவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு 'வேலை செய்யலை' என்று ஓடிப்போய் அறுவை செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கதிரை வைத்தும் காத்திருந்தும் பார்த்த ஒரு நல்ல ஆய்வு காது நரம்புக் கட்டியில் நடந்தது. அதைச் சொல்லும் முன் ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடைக்காரர். செல்போனை எப்போதும் இடது காதில் வைத்துப் பேசுவார். கல்லாவுக்கு வலது பக்கம் நின்று விலை கேட்டால் உடம்பு முழுக்கத் திரும்புவார். காதில் அழுக்கு என்று இரண்டு வருடம் சொட்டு மருந்து விட்டார். வலது காதில் விடாத ரீங்காரம், நடந்தால் லேசான தள்ளாட்டம். ஒரு காது மட்டும் மந்தமானால் ஒரு எம்.ஆர்.ஐ. பார்த்துவிட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 14 மி.மீ. கட்டி. இங்கே எதைச் செய்தாலும் கேட்கும் திறன் வருடங்கள் போகப் போகக் குறையவே செய்யும். அறுவையில் பக்கத்தில் ஓடும் முகநரம்பும் பாதிக்கப்பட்டால் வாய் கோணலாம், கண் மூடாமல் போகலாம். நார்வேயில் 100 பேரை இரண்டாகப் பிரித்துப் பாதிப் பேருக்கு உடனே கதிர் கொடுத்தார்கள், பாதிப் பேரை ஸ்கேன் மட்டும் எடுத்துக் கண்காணித்தார்கள். நாலு வருட முடிவு 2023-ல் வந்தது. கதிர் பெற்றவர்களுக்குக் கட்டி அதிகம் சுருங்கியது. ஆனால் காது, தள்ளாட்டம், வாழ்க்கைத் தரம் எதிலும் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, படத்துக்குச் செய்யும் வைத்தியமும் ஆளுக்குச் செய்யும் வைத்தியமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கடைக்காரர் கதிரையே தேர்ந்தெடுத்தார். "எனக்குக் காத்திருக்க வராது தம்பி, வட்டி ஏறுற மாதிரியே இருக்கு" என்றார். அதுவும் நியாயமான காரணம்தான். மனசு எதைத் தாங்கும் என்பதும் கணக்கில் ஒரு வரி.

பிட்யூட்டரியைப் பற்றி ஒரே செய்தி போதும். அதில் புரோலாக்டின் சுரக்கும் கட்டிக்குக் காபர்கோலின் மாத்திரையே முதல் வைத்தியம், பெரும்பாலும் சுருங்கிவிடும். மருந்தில் கரையும் கட்டி என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். மெனிஞ்சியோமாவைக் கரைக்கும் சூரணம், லேகியம் எதுவும் கிடையாது. யாராவது கரைத்துத் தருகிறேன் என்றால், அது தானே வளராமல் கிடக்கும் கட்டிக்குப் பேர் வாங்கும் வேலை.

மருந்து என்றதும் இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரிகளில் 'அந்தரா' என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி உண்டு. அதிலுள்ள மருந்தை ஒரு வருடத்துக்கு மேல் எடுத்த பெண்களுக்கு, அறுவை தேவைப்படும் மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 2024-ல் பிரான்சில் ஓர் ஆய்வு காட்டியது. மிகச் சிறிய வாய்ப்பின் ஐந்து மடங்கு என்பதால் ஊசி போட்டவர்கள் எல்லோரும் பதற வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே கட்டி இருப்பவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதை யாரும் தானாகக் கேட்பதில்லை.

கட்டியோடு வாழ்வதில் நம் ஊர்ப்பக்கம் மிகவும் கனமானது மருத்துவம் அல்ல, மறைப்பது. அயித்தையின் இளைய மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆத்தாவுக்குத் தலையில கட்டின்னா பரம்பரையாம்பாங்க" என்று வீட்டில் வாயைக் கட்டிவிட்டார்கள். பெரும்பாலான மெனிஞ்சியோமா பரம்பரையாக வருவதில்லை. இரண்டு காது நரம்பிலும் கட்டி வருகிற ஓர் அரிய மரபு நோய் உண்டு, அதுதான் முக்கியமான விதிவிலக்கு. மறைத்ததன் பலன், மதுரைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் 'ஜவுளி எடுக்க' என்று பொய். ஆறு மாதத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, வரனும் நல்லபடி முடிந்தது.

காப்பீட்டில் மறைப்பது இன்னும் மோசம். புதிதாகப் பாலிசி எடுப்பவர் கட்டியைச் சொன்னால் அதற்குப் பணம் கிடைக்கக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்று வருடம் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. காத்திருக்கும் கட்டிக்கும் காத்திருக்கும் பாலிசிக்கும் பொருத்தம் நன்றாகவே இருக்கும். மறைத்தால் அறுவை நாளில் பணம் வராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கார்டு தேவைப்படும் நாளில் தேடாமல் முன்பே எடுத்து வைக்கலாம்.

அன்றாடம்? அறிகுறி இல்லாதவருக்குத் தடை எதுவும் இல்லை. வலிப்பு வந்தவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது, தனியாக ஊருணியில் இறங்கக் கூடாது. வலிப்பே வராதவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று வலிப்பு மாத்திரை தேவையில்லை. அயித்தை கேட்ட ஒரே கேள்வி, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கலாமா என்பது. டாக்டர், "முழங்கால் எப்படி இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்து சாந்தி நடந்தது. அந்த வாரம் நாலாவது ஸ்கேன் வந்தது: 19 மி.மீ. நோட்டில் 'விட்டால்' பக்கத்தில் 'பயம்' என்ற முதல் வரியை அடித்துவிட்டு, மேலே தேதியும் எண்ணும் எழுதியிருக்கிறார். கீழே அடுத்த வருடத்துக்கென்று ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார்.